"சாவி யாருகிட்ட இருக்கு?" - அண்ணன் இழந்த பிட்காயினும், நான் எழுதாமல் விட்ட ஒரு வரியும்

"பாப்பா, நீ எழுதியிருந்த மாதிரிதானே செஞ்சேன்... அப்புறம் எப்படிப் போச்சு?"

2024 டிசம்பரில் ஒரு ராத்திரி, மாமல்லபுரத்திலிருந்து அண்ணன் போனில் கேட்டது இது. கோபமாகக் கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அண்ணன் என்றால் பெரியம்மா மகன். மாமல்லபுரத்தில் சின்னதாக ஒரு சிற்பப் பட்டறை வைத்திருக்கிறார். நான் செங்கல்பட்டு. தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், டிஜிட்டல் டெஸ்க்கில் தங்கம் விலையில் ஆரம்பித்து மழை நிலவரம் வரைக்கும் எழுதுகிற வேலை. எங்கள் குடும்பத்தில் போனில் ஏதாவது சிக்கல் என்றால் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். 'பேப்பர்ல இருக்கா, அவளுக்குத் தெரியாதா' என்று ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில்தான் 2024 ஜூலையில் அண்ணன் என்னிடம் கேட்டார். 2021-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று பிட்காயின் வாங்கியிருந்தார். மொத்தம் போட்டது 60,000 ரூபாய்க்குள். வாங்கிய ஆப்பிலேயே அதை வைத்திருந்தார். அந்த ஜூலை 18-ம் தேதி வாஸிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது. அண்ணன் வைத்திருந்தது வேறு ஆப். ஆனாலும் பயந்துவிட்டார்.

"எந்த வாலட்ல வெச்சா பத்திரம், பாப்பா?"

நான் அப்போது வேறொரு இணையதளத்தில் வேலை பார்த்தேன். அதே வாரம் அங்கே 'பாதுகாப்பான 5 கிரிப்டோ வாலட்கள்' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதன் லிங்க்கை அப்படியே அனுப்பிவிட்டேன். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஆனது இரண்டு மணி நேரம். அந்த ஐந்தில் ஒன்றைக்கூட என் போனில் நான் திறந்து பார்த்ததில்லை. அந்தந்த நிறுவனங்களின் பக்கத்தில் இருந்ததை எடுத்து, தமிழில் எழுதி, படம் வைத்துப் போட்டேன். நல்லா ஓடியது.

அண்ணன் அதைப் படித்து, அதில் இருந்த ஒரு வாலட்டை இறக்கி, பிட்காயினை அதற்கு மாற்றினார். ஆப் கொடுத்த 12 வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி, பட்டறையில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்தார். அதுவரை எல்லாமே சரி.

நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பட்டறையின் தகரக் கூரையில் பாதி பறந்துவிட்டது. அண்ணனின் போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. அடுத்த சில நாளில் பிட்காயின் முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அண்ணன் வைத்திருந்தது 1,30,000 ரூபாய்க்கு மேல் வந்திருந்தது. கூரை போட அது போதும்.

புது போன் வாங்கினார். வாலட் பெயரைத் தேடினார். முதலில் வந்ததைத் தொட்டார். அதே நிறம், அதே லோகோ. 'உங்கள் வாலட்டை மீட்க 12 வார்த்தைகளை உள்ளிடவும்' என்று வந்தது. பிள்ளையார் படத்தைத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தார்.

அவர் தொட்டது விளம்பரம். அது போலிப் பக்கம். சில நிமிடங்களில் எல்லாம் போய்விட்டது.

என் பழைய கட்டுரையில் அந்த 12 வார்த்தைகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'பத்திரமாக வைத்துக்கொள்ளவும்'.

"பத்திரமாத்தான் பாப்பா வெச்சிருந்தேன்" என்றார் அண்ணன்.

அம்மா கேட்ட கேள்வி

மறுநாள் லீவு போட்டுவிட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் கிளம்பினேன். வழியெல்லாம் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே போனேன். பிளாக்செயின், டோக்கன் என்று நான் அடுக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, அம்மா கேட்டது ஒன்றே ஒன்று:

"அதெல்லாம் இருக்கட்டும். சாவி யாருகிட்ட இருக்கு?"

அம்மாவின் பீரோ சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும். நகை பேங்க் லாக்கரில் இருக்கிறது. லாக்கரை அம்மாவின் சாவி மட்டும் திறக்காது. பேங்க்காரர் தன் சாவியையும் போட வேண்டும். 'ரெண்டு சாவி இருக்கிறதாலதான் தூங்குறேன்' என்பார். ஐந்து வாலட்டுகளை வரிசைப்படுத்திய நான், இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

வாலட் என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. பர்ஸுக்குள் பணம் இருப்பதுபோல, வாலட்டுக்குள் காயின் இருப்பதில்லை. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்பது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது. அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால், அதிலிருந்து எடுத்து அனுப்ப ஒரு ரகசிய எண் வேண்டும். அதுதான் சாவி. வாலட் என்பது அந்தச் சாவியை வைத்திருக்கும் சாவிக்கொத்து. அந்த 12 வார்த்தைகள், சில வாலட்களில் 24 வார்த்தைகள், அந்தச் சாவியை மறுபடி வார்த்து எடுக்கும் அச்சு. அச்சு யார் கையில் இருக்கிறதோ, சாவி அவர் கையில்.

ஆகவே 'எந்த வாலட் நல்லது' என்று கேட்பதற்கு முன்னால், அம்மாவின் கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்கு மூன்று பதில்கள்தான் உண்டு.

1. சாவி அவங்ககிட்ட

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் வாங்கி அங்கேயே வைத்திருந்தால், சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது லாகின் பாஸ்வேர்டு மட்டும். இதில் வசதி உண்டு. பாஸ்வேர்டு மறந்தால் ஆதார், பான் காட்டித் திரும்பப் பெறலாம். ஆனால், அவர்கள் வீட்டில் திருடு நடந்தால் உங்கள் பொருளும் போகும்.

வாஸிர்எக்ஸில் திருடுபோனதும் ஒரே சாவியால் திறக்கும் பெட்டி இல்லை. அம்மாவின் லாக்கர் மாதிரி பல பேர் சாவி போட்டால்தான் திறக்கும் ஏற்பாடு. சாவி போட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் ஒப்புதல் ஆனது வேறொன்று என்று அந்த நிறுவனம் பிறகு சொன்னது. வாடிக்கையாளர்கள் தங்கள் கிரிப்டோவை எடுக்க முடியாமல் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின்கள் வாங்கியவர் அவர். திருடுபோனது ஈத்தர் சார்ந்த காயின்கள். இவருடையது வேறு வகை. அதுவும் சேர்த்து முடக்கப்பட்டிருந்தது. 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்கில், கிரிப்டோ என்பது கையில் தொடும் பொருளோ, பணமோ அல்ல. ஆனாலும் அது ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின்பேரில் வைத்திருக்க முடியும் என்று சொன்னார். அந்த வாடிக்கையாளருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. 'உங்கள் சாவியை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு' என்று நம் ஊர் நீதிமன்றம் சொன்னதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் பார்க்க வேண்டியவை: 2023 மார்ச் முதல் இந்தியாவில் சேவை தரும் எக்ஸ்சேஞ்சுகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாத ஆப் பக்கமே போகாதீர்கள். ஆனால், பதிவு என்பது உத்தரவாதம் இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் கிடையாது. லாகினுக்கு எஸ்.எம்.எஸ் ஓ.டி.பி-யை மட்டும் நம்பாமல், ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொள்ளுங்கள்.

2. சாவி உங்க போன்ல

அண்ணன் தேர்ந்தெடுத்தது இது. வாலட் ஆப் உங்கள் போனில், 12 வார்த்தைகள் உங்கள் கையில். எந்த நிறுவனம் மூடினாலும் உங்கள் காயின் உங்களுடையதுதான். ஆனால், மேனேஜர் கிடையாது, கஸ்டமர் கேர் கிடையாது, 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கிடையாது.

நான் எழுதாமல் விட்ட வரி இங்கேதான் வர வேண்டும்: அந்த வார்த்தைகளை எங்கே ஒளித்து வைக்கிறீர்கள் என்பது பாதிதான். எங்கே அடிக்கிறீர்கள் என்பது மீதிப் பாதி. உண்மையான வாலட் ஆப்பை மறுபடி நிறுவும்போது, அந்த ஆப்புக்குள் மட்டும்தான் அவற்றை அடிக்க வேண்டும். வெப்சைட்டில் கூடாது. கூகுள் ஃபார்மில் கூடாது. டெலிகிராமில் 'சப்போர்ட்' என்று வருபவரிடம் சொல்லவே கூடாது. கேட்பவர் யாராக இருந்தாலும், கேட்ட அந்த நொடியே அவர் திருடர்தான்.

ஆப்பை இறக்கும்போது தேடலில் முதலில் வருவதைத் தொடாதீர்கள். அது காசு கொடுத்து வந்த விளம்பரமாக இருக்கலாம். நிறுவனத்தின் முகவரியை நீங்களே எழுத்துக்கூட்டி அடித்து, அங்கிருந்து ஆப் ஸ்டோருக்குப் போங்கள். உருவாக்கியவர் பெயர், எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள், எப்போதிலிருந்து இருக்கிறது என்று பாருங்கள்.

12 வார்த்தைகளைப் போட்டோ எடுக்காதீர்கள். போட்டோ தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள். தாளில் எழுதி, இரண்டு வேறு வேறு இடங்களில் வையுங்கள். இந்த வார்த்தைகள் 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. அதில் தமிழ்ப் பட்டியல் கிடையாது. பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஆங்கிலப் பழக்கம் குறைந்தவர்கள் அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து எழுத வேண்டும். வரிசை மாறினாலும் பூட்டு திறக்காது.

காயினை அனுப்பும்போது முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பிப் பாருங்கள். வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்புங்கள். காப்பி செய்த முகவரியையே மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. முகவரியை முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எந்த நெட்வொர்க் என்பதும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

3. சாவி தனிப்பெட்டியில

பென் டிரைவ் மாதிரி ஒரு கருவி. சாவி அதற்குள்ளேயே இருக்கும், இன்டர்நெட்டுக்கு வரவே வராது. பணம் அனுப்ப வேண்டுமானால் அந்தக் கருவியில் உள்ள பட்டனை அழுத்தி ஒப்புதல் தர வேண்டும். பெரிய தொகையை நீண்ட நாள் வைத்திருப்பவர்களுக்கு இது ஏற்றது. சில ஆயிரங்கள் செலவாகும் என்பதால், பத்தாயிரம் ரூபாய் காயினுக்கு இது வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளலாம்.

வாங்கினால் தயாரிப்பாளரிடமோ, அவர் அங்கீகரித்த கடையிலோ மட்டும் வாங்குங்கள். பழைய கருவி வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் வார்த்தைகள் ஏற்கெனவே எழுதப்பட்ட அட்டை ஒன்று இருந்தால், அது மோசடி. வார்த்தைகளைக் கருவிதான் உங்கள் கண் முன்னால் புதிதாக உருவாக்க வேண்டும். இதற்கும் 12 அல்லது 24 வார்த்தைகள் உண்டு. அதைப் போலிப் பக்கத்தில் அடித்தால், கருவி பெட்டிக்குள் இருந்தாலும் காயின் போய்விடும்.

பட்டறையில்...

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கூரை இல்லாத பாதியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணி எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். 60,000 ரூபாய் போட்ட விஷயமே அவருக்கு முந்தின நாள்தான் தெரியும்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அண்ணனை முதல் நாள் ராத்திரியே போன் செய்ய வைத்திருந்தேன். சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதிந்தோம். பேங்க் பணமாக இருந்தால், சீக்கிரம் சொன்னால் நடுவில் தடுத்து நிறுத்த ஒரு வாய்ப்பு இருக்கிறது. கிரிப்டோவில் நடுவே பேங்க் இல்லை. திருடர் அதை ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவந்தால்தான் பிடிக்க வழி. இதை எழுதும் வரை பணம் திரும்பி வரவில்லை.

அன்று லேப்டாப்பில் அந்தத் திருடனின் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். அண்ணனின் பிட்காயின் அங்கேதான் இருந்தது. எத்தனை மணிக்கு வந்தது என்பதுகூட இருந்தது. அண்ணன் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். "கண்ணாடிப் பொட்டியில வெச்சுப் பூட்டுன மாதிரி இருக்கு" என்றார்.

"தப்பு என்னோடதுண்ணே. நான் உபயோகிச்சுப் பார்க்காம எழுதிட்டேன்" என்றேன்.

"நீ எழுதலைன்னாலும் நான் வேற எங்கியாவது படிச்சிருப்பேன்" என்றார். அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அண்ணி வெளியே வந்து கேட்டார். "சரி, உனக்கு ஏதாவது ஆயிருந்தா இந்தப் பணம் இருக்கிறதே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?" அண்ணனைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அவரிடம் பதில் இல்லை.

கனடாவில் குவாட்ரிகா சி.எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்ட் காட்டன், 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். சாவிகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று நிறுவனம் சொன்னது. ஆயிரக்கணக்கானவர்களின் பணம் சிக்கிக்கொண்டது. வாடிக்கையாளர் பணத்தை அவரே முறைகேடாகக் கையாண்டது பிறகு விசாரணையில் தெரியவந்தது தனிக்கதை. ஒரே ஆளின் மண்டைக்குள் மட்டும் சாவி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணியின் கேள்வியே போதும். வார்த்தைகள் என்ன என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். எங்கே இருக்கிறது என்பது நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இதே மாமல்லபுரத்தில் 2022-ல் ஒரு நட்சத்திர ஓட்டலில், ஒரு காயின் நிறுவனம் நடிகையை அழைத்துப் பெரிய விழா நடத்தி, கார்களெல்லாம் பரிசாகக் கொடுத்ததாகப் பின்னாளில் புகார் வந்தது. பணம் போட்டவர்கள் கொடுத்த அந்த மோசடிப் புகாரைப் புதுச்சேரி சைபர் கிரைம் போலீஸார் விசாரித்தார்கள். இந்த மாதிரித் திட்டங்களில் 'வாலட்' என்று காட்டுவது பெரும்பாலும் திரையில் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் மட்டும்தான். சாவி யாரிடமும் இல்லை, ஏனென்றால் பூட்டே இல்லை. நூறு ரூபாயை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு வரி கட்டு, கட்டணம் கட்டு என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிரிப்டோ வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லாபத்தில் 30 சதவிகிதம் வரி, விற்கும்போது 1 சதவிகிதம் டி.டி.எஸ், நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் முடியாது என்பதெல்லாம் 2022-லிருந்து இருக்கும் விதிகள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அண்ணன் மாதிரி, வீட்டுக்குச் சொல்லாமல். அவர்களுக்காகத்தான் இது.

பழைய அலுவலகத்தில் பேசி, அந்தக் கட்டுரையில் விடுபட்ட வரியைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்துவிட்டார்கள். இப்போது ஒரு வாலட்டை என் போனில் நிறுவி, 500 ரூபாய் போட்டு, அழித்து, 12 வார்த்தைகளை வைத்து மீட்டுப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணனின் பட்டறைக்குக் கூரை வந்துவிட்டது. நகையை அடகு வைத்துப் போட்டது. பழைய எக்ஸ்சேஞ்சில் மிச்சம் கிடந்த சில ஆயிரம் ரூபாய்க் காயினை அவர் இன்னும் விற்கவில்லை. அதன் விவரம் எல்லாம் ஒரு கவரில், அண்ணியின் பொறுப்பில் இருக்கிறது.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். 'வாலட் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், இழந்ததை மீட்டுத் தருகிறோம், உங்கள் 12 வார்த்தைகளைச் சொல்லுங்கள்' என்று ஓர் ஆள் ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசியிருக்கிறான். ஏமாந்தவர்களையே குறிவைத்து மறுபடி வருவார்கள் என்று நான் எச்சரித்திருந்தேன்.

"என்ன சொன்னீங்கண்ணே?"

"எழுதிக்கோப்பான்னு பொறுமையாச் சொன்னேன். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடின்னு பன்னெண்டையும் சொன்னேன். ஆவணி வரைக்கும் ஸ்பெல்லிங் கேட்டுக் கேட்டு எழுதினான், பாப்பா!"

அந்த டிசம்பருக்குப் பிறகு அண்ணன் அப்படிச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.